லேனில் தோற்று லேண்ட்லைனில் வாழ்ந்த ஏடிஎம்

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. அதன்பின் திருவண்ணாமலையிலோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலிலோ, நாட்டின் வேறு ஊர்களிலோ லேண்ட்லைன் கம்பி வழியாக அந்த இணையத்தை வாங்கியவர்களின் மோடத்துக்குள் இரண்டு எண்கள் பதிந்திருந்தன: விபிஐ 0, விசிஐ 35. புது மோடம் வாங்கினால் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை அவைதான். தப்பாகப் போட்டால் மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரியும், ஆனால் இணையம் வராது. அந்த எண்கள் எதற்காக என்று பெரும்பாலோர் கேட்டதில்லை. அவை ஏடிஎம் என்ற தொழில்நுட்பத்தின் தட எண்கள். பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒத்திசைவற்ற பரிமாற்ற முறை என்று இதைத் தமிழில் சொல்லலாம். உலகின் தொலைபேசிகளையும் தொலைக்காட்சிகளையும் அலுவலகக் கணினிகளையும் ஒரே வலைக்குள் கொண்டுவரப் போகிறது என்று 1990-களில் பெரிய பெரிய நிறுவனங்கள் நம்பிப் பணம் போட்ட முறை அது. அலுவலகக் கட்டடத்துக்குள் இருக்கும் வலையமைப்பில், அதாவது லேனில், அது படுதோல்வி அடைந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் செம்புக் கம்பியிலோ ஓசையில்லாமல் பல ஆண்டுகள் உழைத்தது. ஒரே தொழில்நுட்பம் ஓரிடத்தில் தோற்று இன்னோரிடத்தில் நிலைத்ததற்குக் காரணம் அதிர்ஷ்டமோ விற்பனைத் திறமையோ இல்லை என்பது என் கருத்து. கம்பி வேகமாக இருக்கும் இடத்தில் ‘இவ்வளவு நேரத்துக்குள் கொண்டுசேர்ப்பேன்’ என்ற வாக்குறுதி வீண்செலவு; கம்பி மெதுவாக இருக்கும் இடத்தில் அந்த வாக்குறுதிதான் முதல் தேவை. ஏடிஎம் வரலாறு முழுக்க இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது. நம் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இன்று இணையம் எங்கே திணறுகிறது என்பதற்கும் இதே கணக்குதான் விடை சொல்கிறது.

ஏடிஎம் பிறந்தது தொலைபேசிக்காரர்களின் வீட்டில். பழைய டிஜிட்டல் தொலைபேசியில் ஒவ்வோர் அழைப்புக்கும் கம்பியில் நேரத்துண்டு ஒன்று ஒதுக்கப்படும். பேசினாலும் பேசாமல் இருந்தாலும் அந்தத் துண்டு அவருக்கே. குரலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது, தாமதம் ஒருபோதும் மாறாது. கணினிக்குப் பொருந்தவில்லை. கணினி ஒரு நொடி கொட்டும், பத்து நொடி சும்மா இருக்கும். ஒதுக்கிய துண்டுகள் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். கணினிக்காரர்கள் கண்டுபிடித்த பாக்கெட் முறையோ நேர் எதிர். யாரிடம் தகவல் இருக்கிறதோ அவர் அனுப்பலாம், யாருக்கும் எதுவும் ஒதுக்கீடு இல்லை. கம்பி வீணாகாது; ஆனால் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் இணைக்கும் வழியாக, சர்வதேசத் தொலைபேசித் தர அமைப்பான சிசிஐடிடி 1988-ல் ஏடிஎம்மைத் தேர்ந்தெடுத்தது. துண்டுகள் இருக்கும், எல்லாம் ஒரே அளவில் இருக்கும். ஆனால் எந்தத் துண்டு யாருக்கு என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படாது. துண்டின் தலையில் ஒட்டிய எண்ணைப் பார்த்து ஸ்விட்ச் புரிந்துகொள்ளும். ‘ஒத்திசைவற்ற’ என்ற அடைமொழி இதைத்தான் குறிக்கிறது.

அந்தத் துண்டுக்கு செல் என்று பெயர். அதன் அளவு 53 பைட். தலைப்பு 5, உள்ளடக்கம் 48. கணினிக்காரர் எவருக்கும் 48 என்ற எண் இயல்பாகத் தோன்றாது. அது ஒரு பேரத்தின் விளைவு. அமெரிக்கர்கள் 64 பைட் கேட்டார்கள். துண்டு பெரிதாக இருந்தால் தலைப்புக்கு ஆகும் வீண் குறையும். ஐரோப்பியர்கள், குறிப்பாகப் பிரெஞ்சுக்காரர்கள், 32 கேட்டார்கள். நொடிக்கு 64 கிலோபிட் என்ற தொலைபேசிக் குரல் வேகத்தில் 32 பைட் நிரம்ப 4 மில்லிசெகண்ட் ஆகும், 64 பைட் நிரம்ப 8 மில்லிசெகண்ட். தாமதம் கூடினால் பேசுகிறவருக்குத் தன் குரலே எதிரொலியாகத் திரும்பக் கேட்கும். பரந்த நாடான அமெரிக்காவில் எதிரொலி நீக்கும் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. பிரான்ஸுக்குள்ளான அழைப்புகளுக்கு அவை தேவைப்படவில்லை. புதிதாக வாங்க அவர்களுக்கு விருப்பமும் இல்லை. 1989-ல் இரண்டு தரப்பும் நடுவில் சந்தித்து 48-ல் முடித்தார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: ஏடிஎம்மின் அடிப்படை அளவைத் தீர்மானித்தது மனிதக் காது. கணினிக்கு எது வசதி என்று அந்த மேசையில் யாரும் பெரிதாக வாதாடவில்லை. லேனுக்குள் நுழைந்தபோது அதன் விலையை ஏடிஎம் கொடுக்க நேர்ந்தது.

சிறிய துண்டாக வெட்டுவதில் என்ன லாபம்? அண்ணாமலையார் கோயில் தரிசன வரிசையில் 200 பேர் கொண்ட ஒரு குழு பிரியாமல் ஒன்றாகத்தான் போவோம் என்று நின்றால், பின்னால் கைக்குழந்தையோடு நிற்பவர் அந்த 200 பேரும் நகரும்வரை காத்திருக்க வேண்டும். குழுவை ஐந்தைந்து பேராகப் பிரித்து விட்டால், இரண்டு ஐவருக்கு நடுவே குழந்தைக்காரரை விடலாம். குழுவுக்கும் பெரிய நஷ்டமில்லை. ஏடிஎம் செய்தது அதுதான். பெரிய கோப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் செல்களுக்கு இடையில் குரலின் செல்லை நுழைத்துவிடலாம். எந்த செல்லும் அடுத்ததை 53 பைட்டுக்கு மேல் தடுக்க முடியாது. எல்லா செல்லும் ஒரே அளவில் இருப்பதால், அடுத்தது எப்போது முடியும் என்று ஸ்விட்ச்சுக்கு முன்பே தெரியும். கணக்குப் போட்டு வாக்குக் கொடுக்க முடியும்.

தலைப்பில் உள்ள 5 பைட்டில் முக்கியமானவை விபிஐ, விசிஐ என்ற இரண்டு எண்கள். இவை ஊர் முகவரி போன்ற நிரந்தர எண்கள் கிடையாது. தகவல் அனுப்பும் முன் கணினி ஸ்விட்ச்சிடம் அழைப்பு விடுக்கும்: இன்னாருக்குப் பாதை வேண்டும், இவ்வளவு வேகம் வேண்டும், இவ்வளவு தாமதம் தாங்குவேன். வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்ச்சும் தன்னால் முடியுமா என்று பார்த்து ஒப்புக்கொண்டால் தடம் அமைக்கப்படும். ஒவ்வொரு ஸ்விட்ச்சும் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்ளும்: இரண்டாம் வாயிலில் 0/35 என்று வரும் செல்லை ஐந்தாம் வாயிலில் 0/72 என்று எண் மாற்றி அனுப்பு. அவ்வளவுதான். அதன்பின் செல் வரும்போது முகவரி தேட வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்து, மாற்றி, தள்ளிவிட்டால் போதும். அன்றைய ரூட்டர்கள் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மென்பொருளால் வழி தேடித் திணறிய காலத்தில், இந்த எளிமையைச் சிப்பிலேயே செய்ய முடிந்தது பெரிய பாய்ச்சல்.

லேனுக்கு ஏடிஎம் வந்த சூழலும் சாதகமாகவே இருந்தது. 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் முன்வைத்த ஈதர்நெட், 1990-களின் தொடக்கத்தில் நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் நின்றிருந்தது. அதையும் ஒரே கம்பியில் தொங்கிய கணினிகள் எல்லாம் பங்குபோட்டுக்கொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், இருவரும் பின்வாங்கித் திரும்ப முயல வேண்டும். ஏடிஎம்மோ நொடிக்கு 155 மெகாபிட் தருகிறேன், அதுவும் ஒவ்வொரு கணினிக்கும் தனியாகத் தருகிறேன் என்றது. நொடிக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் செல். 1991-ல் ஏடிஎம் ஃபோரம் என்ற தொழில் அமைப்பு உருவானது. பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் தொடங்கிய ஃபோர் சிஸ்டம்ஸ், லேனுக்கான ஏடிஎம் ஸ்விட்ச்சுகளையும் கணினிக்குள் செருகும் அட்டைகளையும் விற்று வளர்ந்தது. ஐபிஎம் மேசைக் கணினிகளுக்கென்றே 25 மெகாபிட் வேகத்தில் ஒரு மலிவுப் பதிப்பை முன்னிறுத்தியது. பின்னாளில் விண்டோஸ் 98-லும் 2000-லும் ஏடிஎம் லேனுக்கான மென்பொருள் சேர்ந்தே வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையத்தைத் திறந்துவிட்டதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான் என்பதை நினைத்தால், அந்த நம்பிக்கையின் உயரம் புரியும்.

சிக்கல் தொடங்கியது இங்கே. அலுவலகங்களில் இருந்த மென்பொருள் எல்லாம் ஈதர்நெட்டை நம்பி எழுதப்பட்டவை. ஈதர்நெட்டில் ஒரு கணினி, ‘இந்த முகவரிக்காரர் யார்?’ என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்கலாம். உரியவர் பதில் சொல்வார். ஏடிஎம் தொலைபேசியின் பிள்ளை. அதில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் வழி இயல்பாகக் கிடையாது. ஒருவரை அழைக்க அவருடைய 20 பைட் எண் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப ஏடிஎம் ஃபோரம் 1995 ஜனவரியில் லேன் எமுலேஷன் என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. ஈதர்நெட்டாக ஏடிஎம் நடிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு கணினி பக்கத்து மேசை பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணினி இயங்கத் தொடங்கியதும் முதலில் அமைப்பு சர்வரை அழைத்து, தான் எந்த லேனைச் சேர்ந்தவன் என்று கேட்டுக்கொள்ளும். பிறகு அந்த லேனின் பதிவு சர்வரை அழைத்துத் தன் ஈதர்நெட் முகவரியையும் ஏடிஎம் எண்ணையும் பதிந்துகொள்ளும். எல்லோருக்குமான கேள்விகளைப் பரப்புவதற்கென்று மூன்றாவதாக ஒரு சர்வர். அதற்கும் ஒரு தடம் போட வேண்டும். இப்போதுதான் பிரிண்டரைத் தேடும் வேலை தொடங்கும். கேள்வி மூன்றாவது சர்வருக்குப் போய், அங்கிருந்து எல்லாக் கணினிகளுக்கும் பிரதி எடுத்து அனுப்பப்படும். பிரிண்டர் பதில் சொன்னதும், அதன் ஈதர்நெட் முகவரிக்கு நிகரான ஏடிஎம் எண் என்ன என்று பதிவு சர்வரிடம் கேட்க வேண்டும். எண் கிடைத்ததும் ஸ்விட்ச்சிடம் அழைப்பு விடுக்க வேண்டும். தடம் அமைந்தபின் பக்கம் 48 பைட் துண்டுகளாக நறுக்கப்படும். மறுமுனையில் திரும்ப ஒட்டப்படும். பக்கத்து மேசைக்குத்தான் இவ்வளவும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, சர்வர்களின் எண்ணிக்கையோ, அவற்றில் ஒன்று விழுந்தால் லேனே தடுமாறும் என்பதோ இல்லை. லேன் எமுலேஷனின் முதல் பதிப்பு ஏடிஎம்மின் உயிர்நாடியையே மறைத்துவிட்டது. ஈதர்நெட்டாக நடிக்கும்போது, ‘எனக்கு இவ்வளவு தாமதத்துக்குள் வேண்டும்’ என்று கேட்க மேலே இருக்கும் மென்பொருளுக்கு வாய்ப்பே கிடைக்காது. ஈதர்நெட்டில் அப்படிக் கேட்கும் வழக்கம் கிடையாதே. ஆகவே எல்லாத் தகவலும் எந்த உறுதியும் இல்லாத கடைநிலை வகுப்பில்தான் பயணம் செய்தது. தாமதத்துக்கு உத்தரவாதம் தரும் என்பதற்காக வாங்கிய வலையில் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நறுக்குதல், ஒட்டுதல், அழைப்பு, பதிவு ஆகிய சுமைகள் மட்டும் மிஞ்சின. 1,500 பைட் பாக்கெட் ஒன்றை நறுக்கினால் 32 செல். கம்பியில் ஓடுவது 1,696 பைட். அதிலும் ஒரே ஒரு செல் தொலைந்தால் மீதி 31-ம் குப்பை, ஏனெனில் பாக்கெட் முழுதாக ஒட்டாது. நெரிசலில் ஸ்விட்ச் செல்களை ஆங்காங்கே உதறினால், கம்பி முழுக்க உயிரற்ற துண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆலின் ரோமனோவும் சாலி ஃபிளாய்டும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் இதை ஆராய்ந்து, உதறுவதானால் முழுப் பாக்கெட்டையும் சேர்த்து உதறுங்கள் என்று வழி காட்டினார்கள். நல்ல தீர்வுதான். ஆனால் செல்லைப் பார்க்கும் ஸ்விட்ச் இப்போது பாக்கெட்டையும் பார்க்க வேண்டியதாயிற்று. எளிமை என்ற லாபமும் கரைந்தது.

ஏடிஎம் தோற்றதற்கு விலைதான் காரணம், தொழில்நுட்பம் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஈதர்நெட் அட்டைகள் கோடிக்கணக்கில் விற்று மலிந்தன, ஏடிஎம்முக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பது அவர்கள் கட்சி. விலை வேறுபாடு உண்மைதான். ஆனால் அந்த விலை வானத்திலிருந்து விழுந்ததில்லை. நறுக்கி ஒட்டும் சிப், அழைப்பு அமைக்கும் மென்பொருள், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் எல்லாம் வடிவமைப்பிலேயே இருந்த செலவுகள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஈதர்நெட் பாக்கெட்டை ஃபிரேம் என்பார்கள்; அதில் மிகப் பெரியது 1,518 பைட். 10 மெகாபிட் வேகத்தில் அது கம்பியைக் கடக்க 1.2 மில்லிசெகண்ட் ஆகும். குரல் பாக்கெட் ஒன்று அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் உறுத்தும் அளவு. பத்துப் பதினைந்து ஃபிரேம் வரிசையில் இருந்தால் காதுக்கே தெரியும். 1995-ல் 100 மெகாபிட் ஈதர்நெட் தரமாக்கப்பட்டது, காத்திருப்பு 0.12 மில்லிசெகண்ட் ஆனது. 1998-ல் கிகாபிட் வந்தது. 12 மைக்ரோசெகண்ட், அதாவது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 12 பங்கு. எந்தக் காத்திருப்புக்கு அஞ்சிச் சிறு செல்களாக நறுக்கினார்களோ, அந்த அச்சமே இல்லாமல் போயிற்று. முழு ஃபிரேமையும் நறுக்காமலே அனுப்பினாலும், அன்று 53 பைட் செல் தந்ததற்கு இணையான நயம் கிடைத்தது. ஏடிஎம் தீர்க்க வந்த நோயை வேகம் குணப்படுத்திவிட்டது. அட்டைகளை இலவசமாகக் கொடுத்திருந்தாலும் 1998-க்குப் பிறகு லேனில் செல்லுக்கு வேலை இருந்திருக்காது.

மோதல் என்ற மற்றக் குறையையும் ஈதர்நெட் தானே களைந்துகொண்டது. 1990-ஆம் ஆண்டு வாக்கில், இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் லாரி பிளேருடன் சேர்ந்து நடத்திய கல்பனா என்ற சிலிக்கான் வேலி நிறுவனம் முதல் ஈதர்நெட் ஸ்விட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, தனி வேகம். ஏடிஎம் பெருமையாகச் சொன்ன அதே வசதி, பழைய அட்டைகளையும் பழைய மென்பொருளையும் மாற்றாமலேயே கிடைத்தது. சிஸ்கோ 1994-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது. அலுவலகங்கள் ஏடிஎம்மை நிராகரித்தன என்று சொல்வதைவிட, அதன் நல்ல அம்சங்களை ஈதர்நெட் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அதன் தேவையை ஒழித்தது என்பதே சரி.

செம்புக் கம்பிக்கு வருவோம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் ஜோடிக் கம்பி குரலுக்காகப் போடப்பட்டது. அதில் குரலுக்கு மேலான அதிர்வெண்களில் தகவலை ஏற்றுவதே ஏடிஎஸ்எல். கம்பி நீள நீள வேகம் சரியும்; கிகாபிட் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2004-ல் வெளியான மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அந்த வேகத்தில் 1,500 பைட் பாக்கெட் ஒன்று செல்களாகக் கடக்க 53 மில்லிசெகண்ட் ஆகும். மூன்று பாக்கெட் முன்னால் நின்றால், இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதத்தின் எல்லை என்று சர்வதேசத் தர அமைப்பு பரிந்துரைத்த 150 மில்லிசெகண்ட் தாண்டிவிடும். ஒரே ஒரு செல் கடக்க ஆவதோ 1.7 மில்லிசெகண்டுக்கும் குறைவு. நறுக்கி இடையில் நுழைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அதனால்தான் ஏடிஎஸ்எல்லை வகுத்தவர்கள் அதன்மேல் ஏடிஎம்மை வைத்தார்கள். குரலுக்கு ஒரு தடம், தொலைக்காட்சிக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று ஒரே கம்பியில் பல தடங்கள் போட முடியும். முன்னுரிமை உள்ள தடத்தின் செல் மற்றவற்றின் நடுவே புகுந்து போகும். எக்ஸ்சேஞ்சில் உள்ள டிஎஸ்லாம் என்ற பெட்டி வீடுகளின் செல்களை வாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டியதும் புதிய கட்டமைப்புகளில் பெரும்பாலும் ஈதர்நெட்டே ஆட்சி செய்தது. உலகத்தைச் சுற்றி வளைக்கப் பிறந்த முறை, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் வந்து நின்றது. 2005-ல், அதாவது டேட்டாஒன் இங்கே தொடங்கிய அதே ஆண்டில், ஏடிஎம் ஃபோரம் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தி வேறோர் அமைப்புடன் இணைந்துவிட்டது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கம்பியிலும் ஏடிஎம்மின் பலனை நாம் பெரும்பாலும் அனுபவிக்கவில்லை. ஒரு வீட்டுக்கு முன்கூட்டியே போட்டுவைத்த ஒரே தடம், 0/35. இணையவழிக் குரல் அழைப்பும் கோப்பும் படமும் அந்த ஒரே தடத்தில்தான். ஒரே தடத்துக்குள் ஒரு பாக்கெட்டின் செல்களுக்கு நடுவே இன்னொரு பாக்கெட்டின் செல்லை நுழைக்க முடியாது. ஒட்டும் இடத்தில் எது எதனுடையது என்று தெரியாமல் போய்விடும். ஆகவே நறுக்கியதன் செலவு முழுக்க நம் தலையில் விழுந்தது, பலன் வரவில்லை. மாடியில் ஒருவர் கோப்பு ஏற்றினால் கூடத்தில் பேசுபவரின் குரல் உடைந்தது. இதை வைத்து, ஏடிஎஸ்எல்லிலும் ஏடிஎம் தொலைபேசி நிறுவனங்களின் பழக்கதோஷம்தான், வேறு காரணம் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். பாதி உண்மை. பிந்தைய விடிஎஸ்எல்2 செல்களைத் தவிர்த்துப் பாக்கெட்டை நேரடியாகவே ஏற்றியது. ஆனால் கருவி பயன்படவில்லை என்பதும் கருவியின் தேவை இருக்கவில்லை என்பதும் வேறு வேறு. மெதுவான கம்பியில் குரலுக்கு வழிவிடும் தேவை அந்த வீடுகளில் ஒவ்வொரு நாளும் இருந்தது. வழிவிடும் ஏற்பாட்டை யாரும் இயக்கவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. வேகத்தைக் கூட்டினால் போதும் என்பது சோம்பேறித்தனமான பதில், எவ்வளவு அகலமான பாதையும் ஒருநாள் நிரம்பும், உத்தரவாதம் வேண்டிய இடங்களில் ஈதர்நெட் என்ன செய்யும் என்று கேட்கலாம். அறுவை அரங்கு, தொழிற்சாலை ரோபோ, செல்பேசிக் கோபுரத்தின் பின்புல இணைப்பு போன்றவற்றுக்கு ‘பெரும்பாலும் வந்துவிடும்’ என்ற பதில் போதாது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஈதர்நெட்டை வடிவமைப்பவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். 2016-ல் வந்த தரம் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் பெரிய ஃபிரேமை நடுவில் நிறுத்தி, அவசர ஃபிரேமை அனுப்பிவிட்டு, நின்ற இடத்திலிருந்து தொடர வழி செய்தது. செல்லின் கருத்து அப்படியே திரும்பி வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: எல்லாவற்றையும் எப்போதும் நறுக்க வேண்டாம், தேவைப்படும்போது மட்டும் நறுக்கினால் போதும். எண்ணைப் பார்த்து மாற்றித் தள்ளும் தந்திரம் எம்பிஎல்எஸ் என்ற பெயரில் பெரிய நிறுவனங்களின் முதுகெலும்பு வலைகளில் இன்றும் ஓடுகிறது. வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபானுக்கு முந்தைய தலைமுறை ஏடிஎம் செல்களையே சுமந்தது. ஜிபான் செல்லைக் கைவிட்டாலும், பல வீடுகள் பங்குபோடும் மேல்நோக்கிய பாதையில் யாருக்கு எவ்வளவு நேரம் என்று எக்ஸ்சேஞ்சே கணக்குப் போட்டு ஒதுக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. பாதை பலருக்குப் பொதுவாகவும் குறுகலாகவும் இருக்கும் இடத்தில் ஒதுக்கீடு திரும்பத் திரும்ப வருகிறது. தனிக் கம்பியும் தாராள வேகமும் உள்ள லேனில் அது நிலைக்கவில்லை.

இந்தக் கணக்கை இன்றைய அலுவலகத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். வேங்கிக்காலில் உள்ளதைப் போன்ற ஒரு மாவட்ட அலுவலக வளாகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று வைத்துக்கொள்வோம். மனுக்கள் ஸ்கேன் ஆகி மேலேறுகின்றன, ஒரு பக்கம் சான்றிதழ் விண்ணப்பங்கள், இன்னொரு அறையில் சென்னையுடன் காணொலிக் கூட்டம். படம் உறைகிறது, குரல் வெட்டுப்படுகிறது. உடனே வரும் யோசனை, உள்ளே இருக்கும் ஸ்விட்ச்சையும் கம்பியையும் மாற்றுவது. அநேகமாக அது தப்பான இடத்தில் செலவழித்த பணம். கட்டடத்துக்குள் கிகாபிட் ஓடும்போது ஒரு ஃபிரேமின் காத்திருப்பு 12 மைக்ரோசெகண்ட். குரலை வெட்டுவது அது இல்லை. நெரிசல் வெளியே போகும் ஒற்றை இணைப்பின் வாயிலில், அதிலும் மேலேற்றும் திசையில் நிற்கிறது. அங்கே 10 மெகாபிட் மேல்வேகம் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் 1.2 மில்லிசெகண்ட் எடுக்கும். ரூட்டர் தன் நினைவகத்தில் சில நூறு பாக்கெட்டுகளை வரிசைகட்ட விட்டால் காணொலி அரை நொடி பின்தங்கும். 1990-களின் ஈதர்நெட் இருந்த அதே நிலை. ஏடிஎம்காரர்கள் கவலைப்பட்ட அதே இடம்.

தீர்வுக்குச் செல் தேவையில்லை, வரிசையை ஒழுங்குபடுத்தினால் போதும். ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து, முறைவைத்து அனுப்பி, எந்த வரிசையும் நீளாமல் காக்கும் எஃப்கியூ-கோடெல் என்ற முறை 2018-ல் இணையத் தர அமைப்பின் ஆவணமாக வெளியானது. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி போன்ற கட்டற்ற ரூட்டர் மென்பொருளிலும் உண்டு. இணைப்பு எந்த வகை என்று அது கேட்கும் இடத்தில் ஏடிஎம் என்ற தேர்வு இன்றும் இருக்கிறது. ஏடிஎஸ்எல் கம்பி என்றால் 48-க்கு 53 என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டு வேகத்தை அளக்கும்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு மாநில அரசின் ஃபைபர்நெட் நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் இருக்கிறது. இழை வந்தபின் வெளி இணைப்பும் விரியும். ஆனால் ஊராட்சி அலுவலகமும் பள்ளியும் மருத்துவமனையும் ஒரே இணைப்பின் பின்னால் கூடும்போது வாயிலில் மறுபடி நெரிசல் வரத்தான் செய்யும். ஆகவே கொள்முதல் ஆணை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டெண்டரில் பதிவிறக்க வேகத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மேலேற்றும் வேகம் எவ்வளவு, இணைப்பு முழுதும் நிரம்பியிருக்கும்போது தாமதம் எத்தனை மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள். வாசலில் நிற்கும் ரூட்டரில் வரிசை ஒழுங்கு வசதி இருக்க வேண்டும், பொருத்துகிறவர் அதை இயக்கிக் காட்டிய பிறகே பணம் என்று ஒரு வரி சேருங்கள். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வரிசை ஒழுங்குக்கான கியூஓஎஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள்.